துவர்ப்பு அடங்கிய பிறகு என்ன நிற்கிறது?

ஒயினைச் சுவைத்துப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ரெட் ஒயின் வாங்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இதை இன்னும் எத்தனை வருஷம் வைக்கலாம்?" "இதை வைக்கலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. வைத்தால் நல்லதாகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர், மகள் பிறந்த வருஷத்து ஒயின் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்தார். மகளுக்கு அன்று 25 வயது நிறைந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில், துணி சுற்றி, நிற்க வைத்தே இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறார். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிய இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டிய எளிய ஒயின் அது. உள்ளே மட்டம் பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. திருகியை வைத்ததும் கார்க் பொடியாக உதிர்ந்தது. கோப்பையில் ஊற்றினால் தேநீர் நிறம், முகர்ந்தால் வினிகர். மகள்தான் முதலில் பேசினாள்: "பரவாயில்லைப்பா." அவர் பாட்டிலின் லேபிளைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த மேஜையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உலகில் விற்கும் ரெட் ஒயினில் பெரும்பகுதி சீக்கிரம் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. பிரான்ஸில் பொஜொலே நுவோ என்று ஒன்று உண்டு. கமே திராட்சையை நசுக்காமல், முழுக் குலைகளாகவே கரியமில வாயு நிறைந்த தொட்டியில் நொதிக்க விடுவார்கள். பழமணம் தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. அறுவடையான அதே வருஷம் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வந்துவிடும். அதன் அழகே அந்தப் புதுமைதான். அதை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதில் நஷ்டம் மட்டுமே உண்டு.

இதற்கு நேர் எதிரில் இத்தாலியின் பரோலோ. நெபியோலோ திராட்சையில் செய்வது. அறுவடை வருஷத்தின் நவம்பர் 1 தொடங்கி குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இன்னும் நீண்ட காலம் வைத்து வெளியிடும் ரிசர்வா வகை என்றால் 62 மாதம். இவ்வளவு காத்திருந்து வெளியே வந்த பிறகும் அது இளம் ஒயின்தான். ஒரு மிடறு குடித்தவுடன் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகிக்கொள்ளும்.

அந்த இறுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பதில் தவறு நடக்கும் இடமே இதுதான்.

துவர்ப்புக்கும் கசப்புக்கும் தனித்தனிச் சொல் நம் மொழியில் இருப்பது இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய வசதி. கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு வாய் முழுக்கத் தெரியும் ஒரு பிடிப்பு. திராட்சையின் தோல், விதை, காம்பு, அப்புறம் ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் டானின், நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. வாய் வறண்ட மாதிரி, மணல் தேய்த்த மாதிரி இருக்கிறது. பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீரை அதிக நேரம் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள், அதே பிடிப்பு தெரியும். இளம் ஒயினில் இது இருந்தால் ஒயின் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. "துவர்க்கிறது, அப்படியென்றால் பல வருஷம் வைக்கலாம்" என்பதும் சரியான கணக்கு இல்லை. இந்த இரண்டாவது நம்பிக்கைதான் அதிகப் பாட்டில்களைப் பாழாக்குகிறது.

நான் செய்வது இதுதான். ஒரு சிறு மிடறை எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, உமிழ்ந்துவிடுவேன். பிறகு எதுவும் பேசாமல் காத்திருப்பேன். முதலில் துவர்ப்பு ஏறும். பதினைந்து இருபது விநாடியில் அது அடங்கத் தொடங்கும். அப்போது மிஞ்சுவது என்ன என்பதுதான் எனக்கு வேண்டியது. பழத்தின் ருசி மறுபடி மேலே வந்தால், அதோடு ஓரத்தில் புளிப்பு லேசாக எச்சில் ஊற வைத்தால், அந்த ஒயினுக்குக் காலம் உண்டு. பழம் முதலிலேயே மறைந்து, வறட்சி மட்டும் நாக்கில் கிடந்தால், பத்து வருஷம் வைத்தாலும் கிடைக்கப்போவது இன்னும் வறண்ட ஒயின்தான். தொண்டையில் சூடு மட்டும் நின்றாலும் அப்படித்தான். ஆல்கஹால் பாட்டிலுக்குள் காலப்போக்கில் குறைவதில்லை. இன்று எரிகிற ஒயின் நாளையும் எரியும்.

பிரான்ஸின் போர்தோ பகுதியில் 1975-ஆம் வருஷம் விளைந்த ஒயின்களை இதற்கு உதாரணமாகத் தொழிலில் சொல்வார்கள். கடும் டானின், நெடுங்காலம் நிற்கும் என்று அப்போது பாராட்டப்பட்டவை. அவற்றில் பலவற்றில் டானின் இளகுவதற்கு முன்பே பழம் தீர்ந்துபோனது. 1982-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அடுத்த வசந்தத்தில் பீப்பாயிலிருந்து சுவைத்தபோது, மிகவும் கனிந்துவிட்டது, மென்மையாக இருக்கிறது, நிலைக்காது என்று சிலர் ஒதுக்கினார்கள். அந்த வருஷத்தின் சிறந்த ஒயின்கள் பல பத்தாண்டுகள் அழகாக நின்றன. துவர்ப்பின் அளவை மட்டும் பார்த்திருந்தால் இரண்டிலும் ஏமாந்திருப்போம்.

நிறமும் ஓரளவு சொல்லும். இளம் ரெட் ஒயினைக் கோப்பையில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஊதா தெரியும். வயதாக ஆக அது மாணிக்கச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்குப் போகும். நிறமிகளும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து கனமாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்கிவிடுவதால் நிறமும் பிடிப்பும் சேர்ந்தே மாறுகின்றன. நெபியோலோவில் மட்டும் இதை நம்ப வேண்டாம். அது இளமையிலேயே வெளிறிய நிறம்தான். பார்த்தால் முதுமை போலத் தெரியும், வாயில் வைத்தால் சிறுவன் போலத் திமிறும்.

சுவைக்கும்போது வெப்பநிலையைக் கவனியுங்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும், சூடானால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். ஒரே ஒயினைப் பற்றி இருவர் இரு தீர்ப்பு சொல்வதற்குப் பல நேரம் இந்தச் சில டிகிரி வித்தியாசமே காரணம்.

சந்தேகமாக இருக்கும் பாட்டிலை நான் மூன்று நாள் வைத்துப் பார்ப்பேன். இப்படி ஒருமுறை ஒரு பரோலோவைத் திறந்தேன். முதல் நாள் மாலை மணம் எதுவும் பெரிதாக இல்லை, கொஞ்சம் தார் வாசனை, வாயில் சுவர் போல டானின். அரைப் பாட்டிலைக் கார்க் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் காய்ந்த ரோஜா இதழும் புளிப்பான செர்ரியும் எட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள்தான் அது உண்மையில் பேசியது. துவர்ப்பு அதே அளவுதான், ஆனால் இழை மெல்லியதாகியிருந்தது, அதற்குப் பின்னால் பழம் நீண்டு நின்றது. அதே பெட்டியின் மற்ற பாட்டில்களுக்கு இன்னும் எட்டு வருஷமாவது தரலாம் என்று குறித்துக்கொண்டேன். காற்று படுவதும் பாட்டிலுக்குள் மெல்ல முதிர்வதும் ஒன்றல்ல. இந்தச் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. என்றாலும் மறுநாளே பழம் தட்டையாகி, நசுங்கிய ஆப்பிள் வாடை வந்த ஒயினை வைத்திருக்கச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது வேறு விஷயம். கெட்டுப்போன கார்க்கிலிருந்து ஒயினுக்குள் இறங்கும் வாடை அது. இளமையும் இல்லை, முதுமையும் இல்லை, அந்தப் பாட்டிலின் குறை. அதை வைத்து மற்றவற்றை எடை போடாதீர்கள்.

இன்னொன்று, நல்ல ஒயின்கள் சில, பாட்டிலில் அடைத்துச் சில வருஷம் கழித்து வாயை மூடிக்கொள்ளும். வாங்கியபோது மணத்தோடு இருந்தது, நான்காவது வருஷம் ஊமையாகிவிடும். பயந்துபோய் எல்லாவற்றையும் திறந்து தீர்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் சுவைத்தபோது எழுதி வைத்த குறிப்பு இருந்தால் அந்த நேரத்தில் அது கை கொடுக்கும். தேதி, மணம், துவர்ப்பு அடங்கிய பிறகு நின்றது என்ன, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அடுத்த பாட்டிலின் கழுத்தில் கட்டிவிடுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். 12 முதல் 14 டிகிரி, அதிகம் ஏறி இறங்காத வெப்பம், வெளிச்சம் படாத இடம், கார்க் காயாதபடி படுக்க வைத்த பாட்டில். இது இருந்தால்தான் வருஷக் கணக்குக்கே அர்த்தம் உண்டு. இது இல்லையென்றால் என் ஆலோசனை ஒன்றுதான்: சீக்கிரம் திறங்கள். பல மாதம் 30 டிகிரியில் கிடந்த ஒயின் உள்ளேயே வெந்துவிடும், பழத்துக்குப் பதில் காய்ச்சிய ஜாம் வாடைதான் வரும். 375 மில்லி பாட்டில் வேகமாக முதிரும், 1.5 லிட்டர் மேக்னம் மெதுவாக முதிரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உமிழ்வதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு காலையில் 40 ஒயின் சுவைக்கும் நாட்கள் எங்களுக்கு உண்டு, ஒவ்வொன்றிலும் 13, 14 சதவீத ஆல்கஹால். உமிழ்ந்தாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் அந்த நாளில் நான் வண்டி ஓட்டுவதில்லை. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொன்னது. அது என் தொழிலுக்கு வசதியான செய்தி இல்லை, ஆனாலும் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

முடிந்தால் ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வாங்குங்கள். ஒன்றை உடனே திறங்கள், அது வீணில்லை, மற்ற ஐந்துக்கான விலை அது. ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்றால் நான் எப்போதும் கொஞ்சம் முன்னதாகத் திறக்கும் பக்கம்தான். இளமையாக இருந்தால் டிகேண்டர் என்னும் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றில் வைக்கலாம், கொஞ்சமாவது இளகும். பழம் போய்விட்ட ஒயினுக்கு அப்படி எந்த வழியும் இல்லை.

போன மாதம், ஆறு வாங்கி முதல் பாட்டிலைத் திறந்த ஒருவர் போன் செய்தார்.

"சார், வாயெல்லாம் துவர்க்குது. ஏமாத்திட்டாங்களா?"

"துவர்ப்பு அடங்கட்டும். இன்னொரு மிடறு எடுத்து, கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க."

நெடுநேரம் சத்தமில்லை.

"கறுப்பா ஏதோ பழம் மாதிரி... இன்னும் போகலை சார்."

"சரி, மிச்சம் அஞ்சையும் அப்படியே படுக்க வையுங்க. மூணு வருஷம் கழிச்சு ஒண்ணு திறந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க."