புகைப் பரிசோதனையில் பழைய வண்டி தேறவில்லையா? முதலில் நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

பதிவான நாளிலிருந்து ஓராண்டு முடிந்த எந்த பெட்ரோல், டீசல் வண்டிக்கும் புகைச் சான்றிதழ் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 115-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) என்பது அரசின் புகைத் தரம், எண் கூடக் கூடக் கண்டிப்பும் கூடும். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிகளுக்கு ஒருமுறை எடுத்தால் ஓராண்டு செல்லும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான்.

பழைய வண்டி தேறாமல் போனால், "மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அதோடு திரும்பி வராதீர்கள். 2021 ஜூனில் வந்த திருத்தப்படி, தேறாத வண்டிக்கு என்ன காரணம் என்று குறிப்பிட்டு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும். அதை மெக்கானிக்கிடம் காட்டலாம், அந்த மையத்தின் கருவியே சரியில்லை என்று தோன்றினால் வேறு மையத்தில் மறுபடி பரிசோதிக்கவும் பயன்படுத்தலாம்.

சரி, அதில் என்ன பார்ப்பது? பெட்ரோல் வண்டிக்கு முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில் இருக்கும். இன்னொன்று ஹைட்ரோகார்பன், பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவில் இருக்கும். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான பழைய 4 ஸ்ட்ரோக் பைக்குக்கு வரம்பு 3.5 சதவீதமும் 4500-உம், பி.எஸ்.-2, பி.எஸ்.-3 காருக்கு 0.5-உம் 750-உம். முதல் எண் மட்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது என்று அர்த்தம், அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கறுத்து அடைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. அப்புறம் சோக் முழுசாகத் திரும்புகிறதா, கார்புரேட்டர் மிதவை பெட்ரோலை வழிய விடுகிறதா, ஜெட் தேய்ந்திருக்கிறதா. ஹைட்ரோகார்பன் எகிறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. பிளக், பிளக் வயர், டைமிங், வால்வ் இடைவெளி என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். 2 ஸ்ட்ரோக் என்றால் ஆயிலைத் தாராளமாக ஊற்றுகிற பழக்கத்தையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் அதிகமாக இருக்கிற காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) செத்திருக்கலாம், ஆனால் விலை ஜாஸ்தியான அந்தப் பொருளைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும்.

டீசலில் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். பி.எஸ்.-4-க்கு முந்தையவற்றுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு). கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வ் சீல் வரை போகும் செலவு அது.

எதுவானாலும் குளிர்ந்த இன்ஜினோடு போய் நிற்க வேண்டாம், நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு நேரே மையத்துக்குப் போங்கள். டெஸ்டுக்காக மட்டும் கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கித் தருகிறேன் என்பவர்களிடம் கவனம்: வண்டி இழுக்காது, சூடாகும், ஸ்க்ரூவை மறுபடி திறந்ததும் அதே புகைதான்.

சான்றிதழ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாமல் போகலாம். புகை அதிகமாக வருகிறது என்று அதிகாரி சந்தேகப்பட்டால் வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம், அதைச் செய்யாவிட்டால் சான்றிதழ் காட்டும்வரை ஆர்.சி.யையே நிறுத்தி வைக்க ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. நிராகரிப்புச் சீட்டு சான்றிதழுக்கு ஈடாகாது, ஆகவே ரிப்பேர் முடிந்த கையோடு மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள்.