வேர் சிகிச்சை: வலி நின்ற பிறகும் வாருங்கள்

"ரொம்ப வலிக்குமா டாக்டர்?" வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால், என்று சொன்னதுமே நாற்காலியில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இது. பக்கத்தில் நிற்கும் மனைவியோ மகனோ பதிலுக்காக என் முகத்தையே பார்ப்பார்கள். பல் நன்றாக மரத்துவிட்டால் வலிக்காது என்பதுதான் என் பதில். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குக் கவலை தருவது வலி அல்ல, வலி நின்றுபோவதுதான். இந்த நோயில் வேலை முடிவதற்கு முன்பே வலி மூன்று இடங்களில் நின்றுவிடும். அந்த மூன்று இடங்களில்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை நாம் இழக்கிறோம்.

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாய்களும் கலந்த மென்மையான பல்கூழ். சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கும்போது கூச்சம் தொடங்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று இழுத்து, தண்ணீர் போனதும் அந்த வலியும் போய்விட்டால் பெரும்பாலும் சொத்தையை எடுத்துவிட்டு வைக்கும் அடைப்போடு முடிந்துவிடும். அப்போதே வருகிறவர்கள் புண்ணியவான்கள். குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி தங்கினாலோ, ஒன்றும் சாப்பிடாமல் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ கூழ் இனித் தேறாது என்று அர்த்தம். கூழைச் சுற்றிலும் கெட்டியான சுவர். வீக்கம் வந்தால் விரிய இடம் கிடையாது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் வலியும் கூடும். காது, நெற்றிப்பொட்டு, தாடை என்று அது பரவுவதால் எந்தப் பல் என்றே பலரால் காட்ட முடியாது. சிலர் கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள், ஒரு வாய் வைத்திருந்தால்தான் அடங்குகிறது என்பார்கள். கூழ் சாகும் தறுவாயில் இருப்பதற்கு அது நல்ல அடையாளம்.

அப்படி இரண்டு, மூன்று வாரம் துடித்தவருக்கு ஒரு நாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிடும். உப்புத் தண்ணீர் கொப்பளித்ததில் சரியாகிவிட்டது, கிராம்புத் தைலம் வேலை செய்துவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். வலி நிற்கும் முதல் இடம் இது. உண்மையில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, அதனால் வலியைச் சொல்ல ஆள் இல்லை. கிருமிகள் அங்கேயேதான் இருக்கின்றன. வேரின் நுனித் துவாரம் வழியாக வெளியேறித் தாடை எலும்பை மெல்ல மெல்லக் கரைக்கும். எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி ஒரு கருமை தெரியும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். வலி இல்லாததால் அதை வாய்ப்புண் என்று விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் முகம் வீங்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் விஷயம் வேறு. வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, மூச்சு சிரமமாக இருக்கிறது என்றால் பல் கிளினிக்கைத் தேடி அலையாதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய தொற்று மூச்சுப்பாதையை அடைத்து உயிரைக் குடிக்க முடியும்.

வலி நிற்கும் இரண்டாவது இடம் மெடிக்கல் ஷாப். "கேட்டு வாங்கிப் போட்டேன் டாக்டர், ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு." கேட்டுப் பார்த்தால் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படிப் போகும்? கூழ் உயிரோடு வீங்கியிருக்கும் நிலையிலும் ஆன்டிபயாடிக் அந்த வலியைக் குறைப்பதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பல்லுக்கே சிகிச்சை செய்ய வழியிருக்கும்போது, உடல்நலம் குன்றாத பெரியவர்களுக்கு வெறும் பல்வலிக்காக ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல், உடல் சோர்வு, பரவும் வீக்கம் இருந்தால் தேவைப்படும். அப்போதும் அது சிகிச்சையோடு சேர்ந்துதான், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் மேலேயே வைத்து அடக்கிக்கொள்கிறார்கள். பல்வலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். புகையிலையும் கற்பூரமும் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, நாற்காலியில் என்ன நடக்கும்? வரும்போது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் சிகிச்சைக்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சையே கூடாது என்பது தவறு. நடு மூன்று மாதங்கள் வசதியானவை, தாங்க முடியாத வலியும் சீழும் இருந்தால் எந்த மாதத்திலும் செய்தே ஆக வேண்டும்.

முதலில் மரக்கும் ஊசி. மருந்தில் சிறிது அட்ரினலின் கலந்திருக்கும், அதனால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், தானாக அடங்கிவிடும். கீழ்ப்பல் என்றால் அந்தப் பக்கத்து உதடு தடித்துப் பெரிதானது போலத் தோன்றும். இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். கடும் வலியோடு வரும் கீழ்க் கடைவாய்ப் பல் சில நேரம் ஒரே ஊசியில் மரப்பதில்லை. உதடு மரத்திருக்கும், பல்லைத் தொட்டால் வலிக்கும். வேர் சிகிச்சை பற்றி ஊரில் உலவும் பயங்கரக் கதைகளில் பல இப்படிப்பட்ட பற்களிலிருந்து வந்தவை. அதற்கு வழி இருக்கிறது: பல்லின் பக்கத்திலும், தேவைப்பட்டால் கூழுக்குள்ளேயும் கூடுதல் ஊசி போடலாம். ஆகவே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இடது கையைத் தூக்குங்கள், நாங்கள் நிறுத்துவோம். வலியைச் சகித்துக்கொள்வது நோயாளியின் கடமை இல்லை.

அடுத்து, பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் திரை மாட்டுவோம். ரப்பர் டேம் என்பார்கள். 1864-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்த முறை இது. மூச்சு முட்டுமோ என்று பயப்பட வேண்டாம், மூக்கு திறந்தேதான் இருக்கும். எச்சிலில் இருக்கும் கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், உள்ளே பயன்படுத்தும் மருந்தும் நுண்ணிய கருவிகளும் உங்கள் தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கிறது. இதை நான் தவிர்க்க முடியாதது என்றே கருதுகிறேன். உங்கள் மருத்துவர் போடவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1965-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சாதாரண எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள், கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கும் அதையே செய்தார்கள். தின்ற உணவு துளையில் அடைந்து கிடந்தும் கூழ் சாகவில்லை, ஆறிப் புதிய டென்டினை வளர்த்து மூடிக்கொண்டது. கெடுப்பது கிருமிதான். வேர் சிகிச்சை முழுவதுமே கிருமியை வெளியேற்றி, திரும்ப வரவிடாமல் அடைக்கும் வேலை.

பல்கூழ் வேருக்குள் இறங்கும் வழிதான் வேர்க்குழாய். முன்பற்களில் பெரும்பாலும் அது ஒன்றுதான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று, சில நேரம் நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் பெரும்பாலும் இருக்கும், மயிரிழை அளவில் ஒளிந்திருக்கும். அதைத் தேடத்தான் நேரம் போகிறது. குழாயின் நீளத்தை மின்கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளப்போம், ஃபைல் என்ற மெல்லிய அரம் போன்ற கருவிகளால் சுத்தப்படுத்தி அகலமாக்குவோம். நடுவில் ப்ளீச்சிங் வாசனை வரும். அது சோடியம் ஹைப்போகுளோரைட். செத்த திசுவைக் கரைத்துக் கிருமியைக் கொல்வது அதுதான், ஃபைல் எட்டாத மூலைக்கும் அது எட்டும். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற பொருளால் குழாய்களை அடைப்போம். மலேசியப் பகுதி மரங்களின் பாலிலிருந்து கிடைப்பது, 1860-களிலிருந்து இதற்குப் பயன்படுகிறது. கடைவாய்ப் பல்லுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரே அமர்வில் முடிப்பதா, நடுவில் மருந்து வைத்து இரண்டு மூன்று அமர்வாகச் செய்வதா என்பது பல்லின் நிலையைப் பொறுத்தது. இரண்டு முறையும் நல்ல முறைதான்.

மரப்பு போகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி வேண்டாம், கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொள்ள வேண்டாம். பிறகு இரண்டு, மூன்று நாள் கடித்தால் வலி இருக்கும். வேர்நுனியைச் சுற்றிய பகுதி ஆறும் வரை அது இயல்பு. சிலருக்கு மட்டும் வலி திடீரென ஏறி வீக்கமும் வரும். அப்போது இன்னொரு மருத்துவரிடம் ஓடாமல் சிகிச்சை செய்தவரையே கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் வலி மாத்திரையைக் கேட்காமல் போட வேண்டாம்.

இனிதான் மூன்றாவது இடம், என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். முதல் அமர்வு முடிந்ததும் வலி போய்விடும். தற்காலிக அடைப்போடு வீட்டுக்குப் போனவர் அடுத்த தேதிக்கு வர மாட்டார். போன் செய்தால் "இப்போ வலியே இல்லையே டாக்டர், வேலை கொஞ்சம் குறையட்டும் வரேன்" என்பார். தற்காலிக அடைப்பு சில வாரங்கள் தாங்குவதற்குச் செய்தது. அது தேய்ந்ததும் எச்சில் இறங்கும், கிருமி திரும்பும். அல்லது குழாய்கள் எல்லாம் அடைத்தாயிற்று, பல்லை மூடும் உறையான கேப் மட்டும் பாக்கி என்ற நிலையில் நின்றுவிடுவார். ஆறு மாதம் கழித்து முறுக்கு கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது என்று வருவார். பிளவு வேர் வரை போயிருந்தால் பிடுங்குவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியாது.

சொத்தை தின்றது பாதி, உள்ளே போக நாங்கள் வெட்டியது மீதி என்று பல்லின் சுவர் மெலிந்திருக்கும், அதனால்தான் உடைகிறது. அமெரிக்காவில் 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்து 2004-இல் வெளியான ஆய்வில், வேர் சிகிச்சை செய்தவற்றில் 97 சதவீதம் 8 ஆண்டுக்குப் பிறகும் வாயில் இருந்தன. பிடுங்கப்பட்ட பற்களில் 85 சதவீதத்துக்கு முழு கேப் போட்டிருக்கவில்லை. கேப் பணம் பிடுங்கும் வேலை என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். முன்பல்லில் சேதம் குறைவாக இருந்தால் கேப் இல்லாமலும் விடலாம். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் வேண்டும்.

பலர் நின்றுவிடுவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, பணம். அதனால் முதல் நாளே கேப் உட்பட மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. முடியாது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சென்னையிலும் சிதம்பரத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் கல்லூரி மருத்துவமனைகளிலும் கிளினிக்கைவிடக் குறைவாக ஆகும். மாணவர்கள் பேராசிரியரின் பார்வையில் செய்வார்கள், நேரம் கூடும், வேலை ஒழுங்காக நடக்கும். உடனே கேப் போட வழியில்லை என்றால் கடிக்கும் பரப்பு முழுவதையும் மூடும் நிரந்தர அடைப்பாவது போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றத்தான் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். வேர் பிளந்திருந்தால், ஈறு நோயால் ஆடினால், கேப் பிடிக்கவே பல் மிஞ்சவில்லை என்றால் பிடுங்குவதே நேர்மையான சிகிச்சை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பெற்றோருக்கு ஒன்று: ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் அல்ல. விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், பதினைந்து வயதில் அதே பல்லோடு வலிக்கு வருகிறார்கள். என்னிடம் வேர் சிகிச்சைக்கு அதிகம் வருவது அந்தப் பல்தான்.

கேப் போட்டு ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், வலி இல்லாவிட்டாலும். வேர்நுனிக் கருமை சுருங்கிக்கொண்டே வந்தால் எலும்பு வளர்கிறது, முழுதாக ஆற நான்கு ஆண்டு வரைகூட ஆகலாம். கருமை பெரிதானால் பழைய அடைப்பை எடுத்து மறுபடி வேர் சிகிச்சை செய்யலாம். அதுவும் முடியாத இடத்தில் ஈறைத் திறந்து வேர்நுனியை மட்டும் வெட்டி அடைக்கும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது, அதையும் மரக்கும் ஊசியிலேயே செய்துவிடலாம்.