படுத்ததும் கலைகிற தூக்கம்

நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஒரே வரியை மூன்று முறை படிப்போம், புத்தகம் கையிலிருந்து நழுவும். சரி, போய்ப் படுப்போம் என்று எழுந்து, விளக்கை அணைத்து, தலையணையில் தலை வைத்த மறு நொடியே பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். அவ்வளவு நேரம் கண்ணைக் கட்டிய தூக்கம் போன இடம் தெரியாது.

நெடுநாளாகத் தூக்கம் வராமல் தவிக்கிறவர்களில் பலர் இதைச் சொல்வார்கள். பல வருடம் இப்படிப் புரண்டு கிடந்தவன் நான். அந்த ஒரு நொடியில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து கொண்டுவருகின்றன என்று 1982இல் சூரிச்சைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். முதலாவது தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேர இமை கனக்கும். தூங்கும்போது அது குறைந்துவிடும். காபி செய்வதெல்லாம், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே பலருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலையில் குடித்த காபி இரவிலும் உள்ளே இருப்பது இதனால்தான்.

இரண்டாவது உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சிறு செல் கொத்து, கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. உடம்பின் உள்வெப்பம் மெதுவாக இறங்குகிறது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது கடிகாரமும் இரவு என்று சொன்னால் தூக்கம் தானாக வர வேண்டும்.

நமக்கு ஏன் வருவதில்லை? விழிப்பைக் காக்கும் ஒரு காவல்காரன் மூளைக்குள் இருக்கிறான். ஒரெக்சின், நார்அட்ரினலின், ஹிஸ்டமின் போன்ற மூளை வேதிப்பொருள்கள் அவனுடைய ஆட்கள். ஆபத்து என்று தோன்றினால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அவன் நம்மைத் தூங்கவிட மாட்டான். காட்டில் உயிர் பிழைக்க உதவிய ஏற்பாடு இது. தூக்கமின்மை உள்ளவர்களிடம் இந்தக் காவல் இரவிலும் முழுதாக இறங்குவதில்லை. 2004இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், இவர்கள் தூங்கும்போதுகூட விழிப்பு சார்ந்த பகுதிகள் மற்றவர்களுக்கு அடங்குகிற அளவுக்கு அடங்கவில்லை என்று தெரியவந்தது. பகலெல்லாம் களைப்பு, ஆனால் குட்டித் தூக்கம்கூடப் பிடிப்பதில்லை என்று சொல்கிறவர்களை யாரும் நம்புவதில்லை. அவர்கள் சொல்வது உண்மை.

இந்தக் காவல்காரனை எழுப்பிவிடுவது எது? இதற்கு ஆர்தர் ஸ்பீல்மன் என்ற தூக்க ஆய்வாளர் 1980களில் தந்த விளக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தூக்கமின்மை வந்த காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு என்பதுதான் அதன் சாரம். ஒரு தேர்வு, ஒரு இழப்பு, ஒரு காய்ச்சல் என்று ஏதோ ஒன்றில் தொடங்கும். அந்தக் காரணம் சில வாரங்களில் போய்விடும். ஆனால் அதற்குள் நாம் தூக்கத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருப்போம். நேற்று தூங்கவில்லையே என்று 9 மணிக்கே படுப்போம், விடிந்தும் எழாமல் கிடப்போம், மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வோம். இவை ஒவ்வொன்றும் சேர்ந்திருக்க வேண்டிய அழுத்தத்தைக் கரைக்கின்றன, கடிகாரத்தைக் குழப்புகின்றன. வாரத்துக்கு 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் சொல்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. மணி 2:40. இப்போது தூங்கினாலும் மூன்றரை மணி நேரம்தான் என்று மனம் கணக்குப் போடும். 3:15க்கு மறுபடி கணக்கு. இதயம் வேகமாக அடிக்கும். இப்படி நூறு இரவுகள் ஒரே கட்டிலில் கழிந்தால், மணியோசை கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய நாயைப் போல, கட்டிலைக் கண்டதும் விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. நாற்காலியில் வந்த தூக்கம் தலையணையில் கலைவதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

மருந்துகளுக்கு வருவோம். மெலடோனின் கடிகாரத்துக்குச் சேதி சொல்கிற பொருள். விமானத்தில் நெடுந்தூரம் போய் நேரம் மாறிப்போனவர்களுக்கும், நடுராத்திரி தாண்டித்தான் தூக்கம் வரும் என்ற உடல்வாகு உள்ளவர்களுக்கும் அது உதவும். காவல்காரனை அது அடக்குவதில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொன்னது. டயசெபாம் வகை மாத்திரைகள் தூங்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் நாளடைவில் உடம்பு பழகிக்கொள்ளும், சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரெக்சினையே தடுக்கும் புதிய மருந்துகள் 2014 முதல் வந்திருக்கின்றன. மது முன்னிரவில் தூங்க வைத்துப் பின்னிரவைக் கெடுத்துவிடும்.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளிப்பதில் விஷயம் இருக்கிறது. கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்வெப்பம் வெளியேறி, உடம்பு சீக்கிரம் குளிர்கிறது. இது சின்ன உதவிதான், ஆனாலும் நல்ல உதவி.

பெரிய உதவி, மூளை பழகியதை மறக்கச் செய்வதில் இருக்கிறது. சிபிடி-ஐ என்று அழைக்கப்படும் நடத்தைச் சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. அதன் இரண்டு தூண்களில் ஒன்று 1972இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது. தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போ. சுமார் 20 நிமிடம் ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய். கண் சொக்கினால் திரும்பி வா. எத்தனை முறை ஆனாலும் இதையே செய். காலையில் மட்டும் ஒரே நேரத்தில் எழு.

மற்றது ஸ்பீல்மன் வகுத்த முறை, கேட்டதும் கொடுமையாகத் தோன்றும். இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுத வேண்டும். என் குறிப்பில் இரவு 10 மணியிலிருந்து காலை 6:30 வரை எட்டரை மணி நேரம் கட்டிலில் இருந்தேன், தூங்கியது ஐந்தரை. அதாவது படுத்த நேரத்தில் 65 சதவீதம்தான் தூக்கம். சிகிச்சை என்ன சொன்னது? ஐந்தரை மணி நேரம்தானே தூங்குகிறாய், கட்டிலிலும் அவ்வளவே இரு. எழுவது 6:30 என்றால் படுப்பது 1 மணிக்கு. தூங்குவது எவ்வளவு குறைவாக இருந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே கட்டில் நேரத்தைக் குறைக்கக் கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமாக மாறினால், வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டலாம்.

முதல் இரண்டு வாரம் கடுமையாக இருக்கும், மறைக்க விரும்பவில்லை. பகலில் தலை கிறுகிறுக்கும், வண்டி ஓட்டுவது ஆபத்து. வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களும், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவை வேறு நோய்கள், அவற்றுக்கு வேறு சிகிச்சை.

எனக்கு மூன்றாவது வாரம் அது நடந்தது. பன்னிரண்டரைக்கே கொட்டாவி மேல் கொட்டாவி. 1 மணி ஆகட்டும் என்று நின்றுகொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போய்ப் படுத்தது தெரியும். போர்வையை இழுத்தேனா என்பது நினைவில்லை. அலாரம் அடித்தபோது அது காலடியில் மடித்தபடியே கிடந்தது.