தூங்குற காதுக்கு எந்த சத்தம் கேக்கும்?

எங்க பாட்டிக்கு காலிங் பெல் கேக்காது, மொபைல் ரிங் சுத்தமா கேக்காது, ஆனா தெருமுனைல தண்ணி லாரி திரும்பினா போதும் குடத்தோட முதல் ஆளா நிப்பாங்க. வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கிறாங்கன்னு கிண்டல் பண்ணுவோம். பாவம், அவங்க நடிக்கல.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா இருக்கு, அதுக்குள்ள வரிசையா மயிர் செல்கள். கீச்சு சத்தத்த வாசல் பக்கத்து செல்கள் பிடிக்கும், கனத்த சத்தத்த உள்கோடில இருக்குறது பிடிக்கும். வயசானா முதல்ல அடிவாங்குறது வாசல் பக்கம், அதனாலதான் பாட்டிக்கு பெல் கேக்காது, லாரி உறுமல் கேக்கும்.

இப்ப புகை வந்தா கத்துற வீட்டு ஸ்மோக் அலாரத்த எடுத்துக்கோங்க. பெரும்பாலும் 3100 ஹெர்ட்ஸ் கிட்ட, அதாவது செகண்டுக்கு 3100 அதிர்வுன்னு கீச்சுன்னு கத்தும். உள்ள இருக்குறது கரண்ட் குடுத்தா அதிர்ற சின்ன பீசோ தகடு, கொஞ்சூண்டு பேட்டரில காத கிழிக்கிற மாதிரி கத்தணும்னா அதுக்கு அந்த சுருதிதான் வசதி. மெஷினுக்கு வசதி, பாட்டிக்கு இல்ல.

சரி, லைட் வச்சா போச்சுன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா தூங்கும்போது கண்ணு மூடியிருக்குமே! 2007ல டோரதி புரூக், இயன் தாமஸ்னு ரெண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஓரளவு காது மந்தமானவங்கள தூங்க விட்டு ஒவ்வொண்ணா போட்டு பாத்தாங்க. பளிச் பளிச்னு அடிக்கிற ஸ்ட்ரோப் லைட் மட்டும் வச்சப்ப 27% பேர்தான் முழிச்சாங்க, 3100 ஹெர்ட்ஸுக்கு 56%, படுக்கைய உலுக்குற ஷேக்கருக்கு 80% சொச்சம், 520 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ்ங்கிற கனத்த சத்தத்துக்கு 92%. அதுவும் சத்தத்தோட அளவு 75 டெசிபலுக்குள்ளயே.

520ல என்ன விசேஷம்னா அது தனியா வராது. ஸ்கொயர் வேவ்னாலே ஒத்தைப்படை மடங்குகளும் கூடவே வரும், 1560, 2600, 3640ன்னு. ஒரு கோஷ்டியே வந்து கதவ தட்டுற மாதிரி, காதுல எந்தப் பகுதி மிச்சம் இருக்கோ அதுல ஏதாவது ஒண்ணு போய் விழும். நல்ல காது உள்ள குழந்தைங்களும், குடிச்சிட்டு படுத்தவங்களும்கூட கனத்த சத்தத்துக்குத்தான் சீக்கிரம் எழுந்திரிக்கிறாங்க.

சுத்தமா கேக்காதவங்களுக்கு ஷேக்கர்தான் வழி. உள்ள இருக்குறது ஒரு மோட்டார், ஒரு பக்கமா கனத்த எடை, மொபைல் வைப்ரேஷன் மாதிரியே ஆனா அதோட அண்ணன். தீ பிடிச்சது அதுக்கு எப்படி தெரியும்? அமெரிக்காவுல ஸ்மோக் அலாரம் அரை செகண்ட் பீப் மூணு, அப்புறம் ஒன்றரை செகண்ட் மௌனம்னு ஒரே தாளத்துல அடிக்கணும், சில ஷேக்கர் கருவிங்க மைக் வச்சு அந்த தாளத்த ஒட்டுக்கேட்டு உலுக்க ஆரம்பிக்கும். பாய்ல படுக்கிறவங்க தலகாணிக்கு அடிலதான் வைக்கணும்.

2014லேருந்து அமெரிக்க தீ பாதுகாப்பு விதி ஹோட்டல் மாதிரி இடங்கள்ல தூங்குற ரூமுக்கு 520 ஹெர்ட்ஸ் அலாரம் வேணும்னு சொல்லுது. சாதாரண வீட்டுக்கு அப்படி கட்டாயமில்ல, காது மந்தமானவங்க இருந்தாதான். கனத்த சத்தம் போட பெரிய ஸ்பீக்கர் வேணும், பேட்டரியும் நிறைய குடிக்கும், அதனால கடைல கம்மி விலைக்கு கிடைக்கிறது இன்னும் அந்த கீச்சு டப்பாதான்.