பிளாஸ்மிட்: கணிமியும் அதன் படி எண்ணிக்கையும்

மொரீஷியசில் எச்.எஸ்.சி. உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஆங்கிலப் பாடநூலில் 'பிளாஸ்மிட்', பிரெஞ்சில் 'பிளாஸ்மீட்'. தமிழ் வகுப்பில் இந்தப் பேச்சே எழுவதில்லை. எழுந்தால் என்ன குறைந்துவிடும்?

சொல்லை 1952இல் உருவாக்கியவர் அமெரிக்க மரபியலாளர் ஜோசுவா லெடர்பர்க். சைட்டோபிளாசம் என்பதிலுள்ள 'பிளாசம்'தான் அடிப்படை. அதன் கிரேக்க மூலத்துக்கு 'உருவாக்கி வார்த்தது' என்று பொருள். நிறப்புரிக்கு (குரோமோசோமுக்கு) வெளியே நின்று மரபுப் பண்பைக் கடத்தும் எதுவும் அவருக்குப் பிளாஸ்மிட்தான். பிறகு பொருள் சுருங்கியது: நிறப்புரியைச் சாராமல் தனித்துப் பெருகும் டி.என்.ஏ., பெரும்பாலும் வளைய வடிவில், பெரும்பாலும் பாக்டீரியாவில். தமிழில் இதற்குக் 'கணிமி' என்ற சொல் உண்டு. சின்னச் சொல், வாயில் நன்றாக உட்காருகிறது.

ஒரு செல்லில் ஒரு கணிமி எத்தனை இருக்கும் என்பதைப் 'படி எண்ணிக்கை' எனலாம். ஏட்டைப் பார்த்தெழுதிய நகலைப் 'படி' என்பது நம் பழைய வழக்கு. 'படி எண்' என்று சுருக்க வேண்டாம், வரிசை எண் போல ஒலிக்கும்.

எ.கோலி பாக்டீரியாவிலுள்ள எஃப் என்ற கணிமிக்கு ஒன்றிரண்டு படிகள்தான். ஆய்வகத்தில் புழங்கும் பிபிஆர்322 என்ற கணிமிக்கு 15 முதல் 20. இந்த அளவு எப்படி நிலைக்கிறது? பிபிஆர்322 சேர்ந்துள்ள கோல்-இ1 வகையில், ஆர்.என்.ஏ. 2 என்ற இழை டி.என்.ஏ.யோடு ஒட்டி நின்றால்தான் கணிமியின் பெருக்கம் தொடங்கும். அதற்கு எதிரிணையான ஆர்.என்.ஏ. 1 வந்து பற்றிக்கொண்டால் ஆர்.என்.ஏ. 2இன் மடிப்பு மாறி, ஒட்ட முடியாமல் போகும். ராப் என்ற சிறு புரதம் அந்தப் பிடியை இறுக்கும். இரண்டு இழைகளையும் தருவது கணிமியேதான். படிகள் கூடினால் ஆர்.என்.ஏ. 1 கூடும், தடை ஏறும். செல் பிரிந்து படிகள் பாதியானால், சீக்கிரம் சிதையும் அந்த இழையும் குறைந்து, பெருக்கம் மறுபடி தொடங்கும். இதே வகையைச் சேர்ந்த பியூசி என்ற ஆய்வகக் கணிமிகளில் ராப் இல்லை, ஆர்.என்.ஏ. 2இல் ஓரெழுத்தும் மாறியிருக்கிறது. அதனால் படிகள் நூற்றுக்கணக்கில் போகின்றன.

வேறு சிலவற்றில் வழி வேறு. பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் புரதம் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகளில் அமரும், படிகள் மிகுந்தால் இரண்டு கணிமிகளைச் சேர்த்துப் பிணைத்துவிடும். இதைக் 'கைவிலங்கு' என்றே சொல்கிறார்கள்.

ஒரே தடை முறையைப் பகிரும் இரு கணிமிகள் ஒரே செல்லில் நீடிப்பதில்லை: ஒன்றின் தடை மற்றதையும் நிறுத்துவதால், தலைமுறைகள் போகப்போக ஏதோ ஒன்று தொலைந்துவிடும். இதற்கு 'ஒவ்வாமை' என்று எழுதாதீர்கள், அது அலர்ஜிக்குப் போய்விட்டது, 'இணங்காமை' போதும்.