பிரேக் போட்டால் கம்பிக்குத் திரும்பும் மின்சாரம்

சென்னைக் கடற்கரையில் கிளம்பித் தாம்பரம் போகும் மின்சார ரயில் கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று ஒரு நிலையம் விடாமல் நிற்கும். தாம்பரத்தையும் சேர்த்தால் 17 இடங்களில் பிரேக் போட்டாக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குள் இருந்த ஆற்றல் ஒவ்வொரு முறையும் எங்கே போகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 பெட்டி ரயில், ஆட்களோடு சேர்த்து 500 டன் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 60 கி.மீ., அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும்: ஏறக்குறைய 7 கோடி ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் 19 யூனிட். ஐந்து நிலையங்கள் தாண்டுவதற்குள் 100 யூனிட்டை நெருங்கிவிடும். 2016இல் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த மின்சாரம் அவ்வளவுதான்.

பழைய ரயில்களில் இந்த ஆற்றல் முழுக்க வீணானது. பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தித் தேய்க்கும். சக்கரமும் கட்டையும் சூடாகும். இரும்புத் தூள் உதிரும். அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அடுத்த நிலையத்துக்குக் கிளம்ப மறுபடியும் 19 யூனிட்டைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல், மீட்டர் கேஜ் பாதையில், 1500 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தில். அப்போதிருந்து எத்தனை கோடி யூனிட் இப்படிச் சூடாகிப் போயிருக்கும் என்று நினைத்தாலே மனது கேட்கவில்லை.

மற்ற வண்டிகளைவிட ரயிலுக்கு பிரேக் இழப்பு இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. ரயில் சக்கரமும் தண்டவாளமும் எஃகு. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுதான். அந்தச் சிறிய இடத்தில் பல டன் எடை நிற்கிறது. எஃகு அவ்வளவாக நசுங்காது என்பதால் உருளும்போது ஏற்படும் தடை மிகக் குறைவு. காரின் ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. ஒரே எடைக்கு அதன் தடை எஃகுச் சக்கரத்தைப் போலப் பத்து மடங்கு இருக்கலாம். நீளமான ரயில் எதிர்காற்றிலும் அதிகம் மாட்டாது, முன்பெட்டியின் நிழலில் பின்பெட்டி ஓடுகிறது. ஆக, ஓடும்போது இழப்பது கொஞ்சம்தான். அடிக்கடி நிற்கும் புறநகர் ரயிலில் பெரிய செலவு பிரேக்கில்தான் இருக்கிறது. அங்கே மிச்சம் பிடித்தால்தான் பலன்.

அதை மிச்சம் பிடிப்பது எப்படி? இதற்காக ரயிலில் தனியாக ஒரு கருவியைப் பொருத்த வேண்டியதில்லை. இழுக்கும் மோட்டாரே பிரேக்காகவும் ஜெனரேட்டராகவும் மாறும்.

இன்றைய மின்சார ரயில்களில் இருப்பது மூன்று பேஸ் இன்டக்‌ஷன் மோட்டார். வெளிப்புறச் சுருள்களில் மின்சாரம் பாயும்போது அங்கே ஒரு காந்தப்புலம் சுழலும். உள்ளே இருக்கும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு சுழலும். நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) மின்சாரம் கொடுத்தால் புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ரோட்டார் அதைவிடச் சற்றுக் குறைவாக, 1485 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்தங்கும் அந்த 15 சுற்றுதான் இழுவிசையைத் தருகிறது. பின்தங்கல் இல்லையென்றால் ரோட்டாரில் மின்னோட்டமே தூண்டப்படாது, விசையும் இருக்காது.

இப்போது மோட்டார்மேன் கைப்பிடியை பிரேக் பக்கம் தள்ளுகிறார். பெட்டிக்கு அடியில் இருந்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் இன்வர்ட்டர், 50 ஹெர்ட்ஸை 49 ஆகக் குறைக்கிறது. புலத்தின் வேகம் உடனே 1470க்கு இறங்கிவிடும். ஆனால் ரோட்டாரால் அப்படிச் சட்டென்று இறங்க முடியாது. அதை 500 டன் ரயில் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது இன்னும் 1485இல்தான் சுற்றுகிறது. இதுவரை புலத்துக்குப் பின்னால் ஓடிய ரோட்டார் இப்போது முன்னால் ஓடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பின்தங்கினால் கை முன்னால் இழுக்கும், முந்தி ஓடினால் அதே கை பின்னால் இழுக்கும். மோட்டாரில் விசையின் திசை அப்படித்தான் மாறுகிறது. கூடவே மின்சாரத்தின் போக்கும் திரும்பிவிடும். ரயிலின் ஓட்டம் மின்சாரமாகி, இன்வர்ட்டர் வழியாக, டிரான்ஸ்பார்மர் வழியாக, கூரைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்கும் பான்டோகிராஃப் வழியாக மேல்கம்பிக்கு ஏறுகிறது. ரயில் மெதுவாக மெதுவாக இன்வர்ட்டரும் அதிர்வெண்ணை ஒரு படி கீழேயே பிடித்துக்கொண்டு இறங்கும். கடைசிச் சில மீட்டரில் வேகமும் இல்லை, மீட்க ஆற்றலும் இல்லை. அங்கே மட்டும் காற்று பிரேக் வேலை செய்யும்.

1500 சுற்றுக்கும் 1470 சுற்றுக்கும் இடையிலேயே இழுப்பதும் நிறுத்துவதும் அடங்கிவிடுகிறது. போக்குவரத்துத் தொழில்நுட்பத்தில் இதைவிட அழகான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

சரி, கம்பிக்கு ஏறிய மின்சாரம் என்ன ஆகும்? அதே நேரத்தில் பக்கத்தில் கிளம்பும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்கவில்லையென்றால் என்ன நடக்கும் என்பது கம்பியில் ஓடுவது எந்த மின்சாரம் என்பதைப் பொறுத்தது. சென்னைப் புறநகர்த் தடங்களும் சென்னை மெட்ரோவும் 25,000 வோல்ட் ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில்) ஓடுகின்றன. அங்கே துணை மின்நிலையத்தின் டிரான்ஸ்பார்மர் இரு வழிப் பாதை. மிஞ்சிய மின்சாரம் பொது மின்தொகுப்புக்கே போய்விடும். பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் டிசியில் ஓடுகிறது. டிசி தடங்களில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் பெரும்பாலும் ஒரு வழிப் பாதைதான். பக்கத்தில் எடுத்துக்கொள்ள ரயில் இல்லாவிட்டால் மின்னழுத்தம் ஏறிவிடும்; அப்போது மீட்பை நிறுத்திவிட்டு மின்தடைகளிலோ பிரேக் கட்டையிலோ ஆற்றலைக் கரைத்தாக வேண்டும்.

டெல்லி மெட்ரோ இந்த மீட்பை எண்ணிக் கணக்கில் காட்டியது. ரயில்கள் திருப்பிக் கொடுத்த மின்சாரத்தால் தவிர்த்த கார்பனுக்காக, ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் 2007இல் அது பதிவு பெற்றது. உலகத்தில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அதுதான்.

எல்லா ரயிலும் ஒரே அளவில் மீட்பதில்லை. என்ஜின் இழுக்கும் விரைவு ரயிலில் மோட்டார் என்ஜினில் மட்டும்தான் இருக்கிறது. 22 பெட்டிகளில் 88 அச்சுகள் இருக்க, மோட்டார் உள்ளவை என்ஜினின் ஆறே அச்சுகள். அந்த ஆறு அச்சுகளால் மொத்த ரயிலையும் சட்டென்று நிறுத்த முடியாது. மீதி வேலையைப் பெட்டிகளின் காற்று பிரேக் செய்கிறது, அந்தப் பங்கு சூடாகவே போகிறது. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் வகை ரயிலில் பாதி அச்சுகளுக்கு மோட்டார் உண்டு. அதன் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மோட்டார்கள் ரயில் முழுக்கப் பரவியிருப்பதால் பிரேக்கிலிருந்து கூடுதலாக மீட்க முடிகிறது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மலைச்சரிவில் இந்த மீட்பு இன்னும் பெரிது. ஸ்வீடனில் கிருணா சுரங்கத்திலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத்தாது ரயில்கள் போகின்றன. 68 வேகன்கள், 8,000 டன்னுக்கு மேல் எடை. நாட்டு எல்லையிலிருந்து கடல் வரை சுமார் 40 கி.மீ. தூரத்தில் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். வேகம் கூடிவிடாமல் என்ஜின் வழிநெடுக மீட்பு பிரேக்கில் பிடித்துக்கொண்டே இறங்கும். இறங்கும்போது சுமையோடு இருக்கிறது, ஏறும்போது காலியாக இருக்கிறது. அதனால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரமே காலி வேகன்களை எல்லை வரை திரும்ப ஏற்றப் போதும்.

இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதானே வருகிறது, அப்புறம் மின்சார ரயில் எப்படிக் கார்பன் குறைந்த வண்டியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் மீட்கப்படும் ஒவ்வொரு யூனிட்டும் இங்கே இன்னும் மதிப்புள்ளது. அந்த 19 யூனிட்டில் பாதியை மீட்டால்கூட ஒரு முறை நிற்பதற்கு ஆறு கிலோவுக்கு மேல் மிச்சம். டீசல் என்ஜினிலும் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார்தான், அதுவும் பிரேக் போடும்போது மின்சாரம் தரும். ஆனால் திருப்பி அனுப்பக் கம்பி இல்லாததால் அதை மின்தடைகளில் எரித்துவிடுகிறார்கள். கம்பி இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஆரல்வாய்மொழிக் காற்றாலையும் கமுதி சூரிய மின்நிலையமும் மின்தொகுப்பில் எவ்வளவு கூடுதலாகச் சேர்க்கின்றனவோ, அதே ரயில் ஒரு மாற்றமும் இல்லாமல் அவ்வளவு தூய்மையாகிவிடும்.

மின்சாரப் பேருந்தும் ஸ்கூட்டரும் இதே முறையில் மீட்கின்றன. ஆனால் மீட்டதைப் பேட்டரிக்குள்தான் போட வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் இடமில்லை. மிக வேகமாகத் திணித்தால் பேட்டரிக்கு ஆகாது. அந்தப் பேட்டரியையும் எந்நேரமும் சுமந்துகொண்டே ஓட வேண்டும். மாசில்லாப் போக்குவரத்து என்றதும் பேச்சு மின்சார காரிலேயே போய் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேட்டரியே இல்லாமல் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் வண்டி நம் ஊரில் 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் மீட்பைக் கூட்டச் செய்ய வேண்டியது புது மோட்டார் ரயில்களைக் கூட்டுவதும், இடைவெளியைக் குறைப்பதும்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றாக்கினால், சைதாப்பேட்டையில் ஒரு ரயில் நிற்கும்போது பக்கத்து நிலையம் ஒன்றில் இன்னொரு ரயில் கிளம்பிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மீட்ட மின்சாரம் துணை மின்நிலையம் வரை போகாமல் நேராக அந்த ரயிலுக்கே போகும். போகும் தூரம் குறைந்தால் கம்பியில் ஏற்படும் இழப்பும் குறையும்.