ஒரு பயிற்சியாளர் எத்தனை வெற்றிக்குச் சமம்?

2021 சீசனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 12 ஆட்டங்கள் ஆடி மூன்றில்தான் ஜெயித்தது. ஒன்பது தோல்வி. ஆனால் அந்த ஆண்டு முழுக்க அவர்கள் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 335 வருகிறது. எதிரணிகள் அவர்களிடம் எடுத்தவை 272தான். எடுத்தது அதிகம், கொடுத்தது குறைவு, அப்படியும் ஒன்பது தோல்வி. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஒற்றை இலக்கம்தான். தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் அடுத்த ஆண்டு செப்டம்பரில், சீசன் தொடங்கி மூன்றே ஆட்டங்கள் ஆகியிருந்தபோது, வேலையை இழந்தார்.

அவர் மோசமான பயிற்சியாளரா, அதிர்ஷ்டம் கெட்டவரா? இதற்கு விடை தேடுவதற்கென்றே ஒரு புள்ளியியல் வளர்ந்திருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் பணமும் சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். ஆளுநர் பக்கத்தில்கூட வர முடியாது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியபோது, மிச்ச ஒப்பந்தத்துக்காக 7.5 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டியிருந்தது. வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை அது.

யார் சிறந்த பயிற்சியாளர் என்று கேட்டால் முதலில் வெற்றி சதவீதத்தைத்தான் எடுத்துப் பார்ப்போம். கல்லூரி ஃபுட்பாலில் அது சரிவராது. உச்சப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. வழக்கமான சீசனில் ஒவ்வொன்றும் ஆடுவது 12 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. ஒருவர் எளிய எதிரிகளோடு ஆடி ஒன்பது ஜெயிப்பார், இன்னொருவர் ஜார்ஜியா, அலபாமா போன்ற பலசாலிகளோடு ஆடி ஏழு ஜெயிப்பார். எதிரணியின் வலுவைக் கணக்கில் சேர்க்கும் முறைகள் பல இருக்கின்றன. சதுரங்கத்துக்காக உருவான எலோ தரப்புள்ளியும் அதில் ஒன்று. இந்தப் பகுதி ஓரளவு தீர்ந்துவிட்டது. தீராதது மற்ற இரண்டு: அதிர்ஷ்டம், ஆட்கள்.

அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொள்வோம். 12 ஆட்டம் என்பது மிகச் சிறிய மாதிரி. உண்மையான வலுவில் ஏழு வெற்றிக்குத் தகுதியான அணிகூட வெறும் தற்செயலால் சுமார் ஒன்றரை வெற்றி மேலேயோ கீழேயோ போகும். ஐந்து வெற்றியில் பயிற்சியாளரைத் திட்டுவார்கள், ஒன்பதில் மாலை போடுவார்கள்; அணி அதேதான். கீழே விழுந்து உருளும் பந்தை யார் முதலில் அமுக்குவார்கள் என்பதும் நீண்ட காலக் கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆனால் அப்படி ஒரு பந்து ஒரு ஆட்டத்தையே புரட்டிப் போட்டுவிடும்.

அதனால் ஆய்வாளர்கள் வெற்றி தோல்வியை ஓரமாக வைத்துவிட்டுப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த ஒரு சூத்திரம் இருக்கிறது. எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி, முதலாவது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் அடுக்கு 2.37. நெப்ராஸ்காவின் 335ஐயும் 272ஐயும் இதில் போட்டால் 0.62 வருகிறது. 12 ஆட்டத்துக்கு ஏழரை வெற்றி! கிடைத்தது மூன்று.

சரி, ஃப்ராஸ்டுக்கு நான்கைந்து வெற்றிகளை விதி தட்டிப் பறித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அந்த மூன்று வெற்றிகளில் மட்டும் நெப்ராஸ்கா 119 புள்ளி முன்னிலை எடுத்திருக்கிறது. அதில் ஒன்று கீழ்ப் பிரிவு அணியான ஃபோர்டமுக்கு எதிராக 52-7. ஒன்பது தோல்விகளில் இழந்தது மொத்தம் 56 புள்ளிகள். சோப்ளாங்கிகளைப் போட்டு அடித்த புள்ளிகள்தான் சூத்திரத்தை ஏமாற்றுகின்றன. இந்தக் குறையைச் சரிசெய்ய, பில் கானலி போன்ற ஆய்வாளர்கள் ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு நகர்வும் எத்தனை யார்டு தந்தது, அது அந்தச் சூழ்நிலைக்குப் போதுமா, மைதானத்தின் எந்த இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்று பார்த்து, “இப்படி ஆடிய அணி சராசரியாக நூற்றுக்கு எத்தனை முறை ஜெயிக்கும்” என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். அந்த எண்களைக் கூட்டினால் அணி உண்மையில் சம்பாதித்த வெற்றி என்னவென்று தெரியும்.

ஃப்ராஸ்டின் முழுக் கணக்கு இன்னும் விசித்திரமானது. நெப்ராஸ்காவில் இருந்த காலத்தில், எட்டுப் புள்ளிக்குள் முடிந்த நெருக்கமான ஆட்டங்களில் அவருடைய கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. நெருக்கமான ஆட்டம் எல்லாம் நாணயம் சுண்டுவதுதான் என்று வைத்துக்கொண்டால், 27 முறை சுண்டி ஐந்தோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வாய்ப்பு ஏறக்குறைய 1,300ல் ஒன்று. பார்த்தவுடன், இது அதிர்ஷ்டமே இல்லை, மனிதரிடம்தான் கோளாறு என்று தோன்றும். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் இந்தப் பிரிவில் வந்துபோன பயிற்சியாளர்கள் பல நூறு பேர். அவ்வளவு பேரில் யாரோ ஒருவருக்கு 1,300ல் ஒன்று வாய்ப்புள்ள விபரீதம் நடப்பது அப்படியொன்றும் அதிசயமில்லை. நடந்த பிறகு அந்த ஒருவரைப் பொறுக்கியெடுத்துத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. 2021ல் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக முன்னிலையில் இருந்தபோது, உதைத்த பந்து திட்டமிட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போக, எதிரணி ஆள் அதைப் பிடித்துக்கொண்டு நேராக எல்லைக்கோடுவரை ஓடிவிட்டார். இந்த மாதிரி சொதப்பல்களை எல்லாம் விதி கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஆட்கள். ஜீன் சிசிக் ஐயோவா ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்: 5 வெற்றி, 19 தோல்வி. அங்கிருந்து ஆபர்னுக்குப் போனார். 2010ல் அங்கே கேம் நியூட்டன் என்ற குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர், வந்தார். ஆபர்ன் 14 ஆட்டங்களில் 14ஐயும் வென்று தேசியப் பட்டத்தைப் பிடித்தது. நியூட்டன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 2012ல் ஆபர்ன் 3-9 (மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி), சிசிக் வெளியே. எட் ஆர்ஜரானின் கதையும் கிட்டத்தட்ட இதே. மிஸிஸிப்பியில் 10-25, எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜோ பரோ குவார்ட்டர்பேக்காக இருந்த 2019ல் 15-0, அடுத்த ஆண்டு 5-5. இவர்களைப் பட்டம் வென்ற ஆண்டை வைத்து மதிப்பிடுவதா, மற்ற ஆண்டுகளை வைத்தா?

பத்தாம் வகுப்பில் 480க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டு, பிளஸ் டூவில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளை நமக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் ஆசிரியர்களை எப்படி மதிப்பிட வேண்டுமோ அப்படித்தான் பயிற்சியாளரையும் மதிப்பிட முடியும்: உள்ளே வந்தபோது பிள்ளை எப்படி இருந்தது, வெளியே போகும்போது எப்படி இருக்கிறது? ஃபுட்பாலில் அந்தப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தயாராகவே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி வீரர்களுக்கு ஐந்து நட்சத்திரம்வரை கொடுத்து வரிசைப்படுத்தும் நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொரு அணியிலும் கடந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் நட்சத்திரங்களை எடுத்து, இவ்வளவு திறமை உள்ள அணி இந்த அட்டவணையோடு சராசரியாக எத்தனை ஜெயிக்கும் என்று ஒரு கணித மாதிரி போடலாம். நடந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் மிஞ்சுவது பயிற்சியாளரின் பங்கு. ஃபிஷரை இதில் நிறுத்திப் பாருங்கள். 2022ல் ஏ அண்ட் எம் சேர்த்த புதுமுகக் கூட்டம் அதுவரை யாரும் சேர்க்காத அளவு உயர்ந்த தரப்புள்ளி பெற்றது. அந்த ஆண்டு அணி 5-7.

இங்கேதான் எனக்கு இந்தத் துறையோடு ஒரு தகராறு. வீரர்களைச் சேர்ப்பதும் பயிற்சியாளரின் வேலைதானே! கல்லூரி ஆட்டத்தில் ஏலம் கிடையாது, வரிசைப்படி தேர்வும் (அணிகள் முறைவைத்து ஒவ்வொரு வீரராக எடுப்பது) கிடையாது. 17 வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, பையனை வரவைக்க வேண்டும். திறமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நிக் சேபனின் சாதனையில் பெரும்பகுதியை நாமே அழித்துவிடுகிறோம். எல்எஸ்யூவில் ஒன்று, அலபாமாவில் ஆறு என ஏழு தேசியப் பட்டங்கள் வென்றவர் அவர். அலபாமாவின் சேர்க்கைப் பட்டியல் பல ஆண்டுகள் தொடர்ந்து நாட்டிலேயே முதலிடம். இடையில் 2005, 2006ல் தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸைப் பயிற்றுவித்தார். அங்கே சம்பள உச்சவரம்பும் வரிசைத் தேர்வும் எல்லா அணிகளின் திறமையையும் சமப்படுத்திவிடும். கணக்கு 15-17. அதே மூளை, அதே கண்டிப்பு. ஆட்களைக் கவர்ந்திழுக்கும் கலைக்கு மட்டும் அங்கே வேலையில்லை. அதனால் ஒரே பட்டியலாகப் போடுவது தப்பு என்பேன். ஆட்களைச் சேர்ப்பதில் எத்தனை வெற்றி, சேர்த்தவர்களை ஆடவைப்பதில் எத்தனை வெற்றி என்று இரண்டு பட்டியல்கள் வேண்டும். வேலைக்கு ஆள் தேடும் பல்கலைக்கழகத்துக்கு அதில் எது குறைகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பயிற்சியாளருக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா என்ற அடிப்படைச் சந்தேகத்தையும் சோதித்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பெர்ரியும் ஆண்டனி ஃபவுலரும் கையாண்ட வழி அழகானது. ஒரு அணியின் பல பதிற்றாண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்த ஆண்டுகளில் பயிற்றுவித்தார் என்ற தகவலைக் கலைத்து, தாறுமாறாக ஒட்டுங்கள். இல்லாத ஒரு வரலாறு கிடைக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் பொய் வரலாறுகள் செய்து, ஒவ்வொன்றிலும் பயிற்சியாளர் பெயரை வைத்து வெற்றிகளை எவ்வளவு விளக்க முடிகிறது என்று அளக்க வேண்டும். உண்மை வரலாறு இந்தப் பொய்களைவிட நன்றாக விளக்கினால் பயிற்சியாளருக்கு மதிப்பு உண்டு. விளக்கியது. கல்லூரி ஃபுட்பால் உள்படப் பல விளையாட்டுகளைப் பார்த்து அவர்கள் சொன்ன விடை: அணிகளின் ஏற்றத்தாழ்வில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பயிற்சியாளரால் வருகிறது. பெரிய எண்தான், ஆனால் முக்கால் பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

இயற்கையே நடத்திய சோதனை ஒன்றும் உண்டு. 1989ல் பில் ஸ்னைடர் கேன்சஸ் ஸ்டேட்டுக்கு வந்தபோது அந்த அணி முந்தைய இரண்டு சீசன்களில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டும் தலா 11 வெற்றி எடுத்தது. 2005ல் அவர் ஓய்வு பெற்றார்; அடுத்தவர் மூன்று ஆண்டுகளில் 17-20. ஸ்னைடர் 2009ல் திரும்பி வந்தார், 2012ல் 11-2. அவர் உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே. இதைவிடச் சுத்தமான சோதனை கிடைப்பது கடினம். ஒரு முணுமுணுப்பு மட்டும்: முதல் முறை போவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் 4-7, 5-6. சரிவு அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

அப்படியானால் மோசமாகப் போகும் பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறுமா? ஸ்காட் அட்லர், மைக்கேல் பெர்ரி, டேவிட் டோஹர்ட்டி என்ற மூன்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 1997 முதல் 2010 வரையிலான தரவுகளில் இதைப் பார்த்தார்கள். ஆளை மாற்றிய அணியை, அதே நிலையில் இருந்தும் மாற்றாத அணியோடு ஒப்பிட்டார்கள். படுமோசமான அணிகளுக்கு மாற்றத்தால் பெரிதாக எதுவும் ஆகவில்லை. நடுத்தர அணிகள், மாற்றாத தங்கள் ஜோடிகளைவிடக் கீழே போயின. அடிமட்டத்தைத் தொட்ட அணி அடுத்த ஆண்டு எப்படியும் கொஞ்சம் மேலே வரும். அந்த ஏற்றத்துக்குப் புதிய ஆள் பெயர் வாங்கிக்கொள்கிறார்.

இத்தனையும் சேர்த்துத்தான் ஒரு தரவரிசை உருவாகிறது. நல்ல மாதிரிகள் அனுபவம் குறைந்தவரின் மதிப்பைச் சராசரியை நோக்கி இழுத்துவைக்கின்றன. ஆண்டுகள் கூடக் கூடப் பிடியைத் தளர்த்துகின்றன. அப்படிச் செய்தால் உச்சியில் ஏழெட்டுப் பேரும் அடியில் சிலரும் தெளிவாகப் பிரிந்து நிற்பார்கள். நடுவில் இருக்கும் எண்பது தொண்ணூறு பேரின் பிழை எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். 34ஆம் இடத்துக்கும் 61ஆம் இடத்துக்கும் வேறுபாடு சொல்லும் பட்டியலை நான் நம்புவதில்லை.

கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்து இந்த மாதிரிகளையும் கொஞ்சம் ஆட்டம் காண வைத்துவிட்டார். பெரிய அணிகளில் வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்டவற்றில் ஒன்று இண்டியானா, 2023ல் 3-9. அவர் வந்ததும் 2024ல் 11-2, 2025 சீசனில் 16-0, தேசியப் பட்டம். நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்கள் பாதிக்கு மேல் இல்லாத அணி பட்டம் வெல்லாது என்று விளையாட்டு எழுத்தாளர் பட் எலியட் வகுத்த அளவுகோல் அதுவரை பொய்த்ததில்லை. இண்டியானா அந்தப் பாதிக்கு வெகு கீழே இருந்தது. ஆனால் 2021க்குப் பிறகு வீரர்கள் கல்லூரி மாறுவதற்கு இருந்த தடைகள் தளர்ந்துவிட்டன. சிக்னெட்டி தன் பழைய அணியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்தே பத்துப் பேருக்கு மேல் அழைத்து வந்தார். 22, 23 வயதில் பல சீசன் ஆடி முதிர்ந்து வரும் ஆளை, அவன் 17 வயதில் வாங்கிய நட்சத்திரத்தை வைத்து அளந்தால் மிச்சமெல்லாம் பயிற்சியாளர் கணக்கில் போய் விழும். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்று ஆகிவிட்டது. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதையும் இனி மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆக, இண்டியானாவின் கோப்பையை மட்டும் வைத்து அவரை எங்கே நிறுத்துவது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஆதரவான வலுவான சான்று வேறு இடத்தில் இருக்கிறது, வட கரோலினாவில். ஈலான் என்ற சிறிய, கீழ்ப் பிரிவுக் கல்லூரி 2016ல் 2-9. அடுத்த ஆண்டு, இந்த மாற்றங்கள் எதுவும் வராத காலத்தில், சிக்னெட்டி போனார், 8-4.